மணல்வீட்டை உதைத்தவன் தண்ணீர் கேட்டு வந்தான்

உப்பளத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். விடியற்காலை நாலரை மணிக்கு அவர் வாசல் பெருக்கும் விளக்குமாற்றுச் சத்தத்தில்தான் நான் பல வருடங்களாகக் கண்விழிக்கிறேன். ஐந்து மணிக்குள் அவருடைய சொந்த வாசல் முடிந்துவிடும். அதன்பிறகு சுப்பையா சாலையைத் தாண்டி, சுற்றுலாக்காரர்கள் இன்றும் ‘ஒயிட் டவுன்’ என்று சொல்லும் தெருக்களுக்குப் போவார். அங்கே மூன்று வாசல். ஒன்று வீடு, இரண்டு தங்கும் விடுதிகள். பெருக்குவது, தண்ணீர் தெளிப்பது, கோலம் போடுவது, உள்ளே போய்ப் பாத்திரம் தேய்ப்பது எல்லாம் சேர்த்து மாதச் சம்பளம். கோலத்துக்கென்று தனியாக எதுவும் கிடையாது.

அந்த விடுதிகளில் ஒன்று, சில வருடங்களுக்கு முன்பு தன் விருந்தினர்களுக்குக் கோலம் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம். சொல்லித்தருபவர் இந்த அக்காதான். விருந்தினர்கள் விடுதிக்குக் கட்டும் தொகையில் ஒரு சிறு பங்கு இவருக்கு வரும். கற்றுக்கொண்டவர்களில் சிலர் அவருடைய ‘ஸ்டுடியோ’வைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். விடுதிக்காரர்கள் ஆட்டோ பிடித்து உப்பளத்துக்கு அனுப்பிவைத்தார்கள். நாலடி அகலச் சந்து, மூடியில்லாத சாக்கடை, குழாயடியில் வரிசை போட்ட குடங்கள், நடுவில் அவர் வாசல். “ஸ்டுடியோ எங்கேன்னு கேக்குறாங்க டீச்சர், என்னான்னு சொல்றது?” என்று முதல்முறை என் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் போய் மொழிபெயர்த்தேன். தரையைக் காட்டி இதுதான் என்றேன்.

விடுதியில் ஒரு பதிவேடு உண்டு. வந்து போகிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதிவைப்பது. ஒருநாள் அக்கா அதைப் பையில் வைத்து எடுத்துவந்து, தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக் காட்டச் சொன்னார். ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து கிடந்தன. ஒருவருக்கு அது வாழ்வின் மிக அமைதியான ஒரு மணி நேரம். இன்னொருவருக்கு ஏமாற்றம், படங்களில் பார்த்ததுபோல் இல்லை, தெரு அழுக்காக இருந்தது. ஒருவர் இவ்வளவு அழகான ஒன்றை மறுநாள் பெருக்கித் தள்ளுவதை நினைத்து மனம் நொந்திருந்தார். ஒருவர் இது பெண்களை வாசலோடு கட்டிப்போடும் வழக்கம் என்று கோபப்பட்டிருந்தார். ஒருவர் கோலத்தைத் துணியில் எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன் என்று குறைபட்டிருந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். “அவங்க எப்புடி இருந்தாங்கன்னு நான் எழுதுறதுக்கு எதாச்சும் நோட்டு வெச்சிருக்காங்களா?”

சிரித்துவிட்டோம். ஆனால் தமிழ்ப் பெண்களின் தெருக்கலையைப் பற்றி நான் இதுவரை படித்தவற்றையெல்லாம் அந்தக் கேள்வி திரும்பப் படிக்கவைத்தது. கோலத்தின் எழுதப்பட்ட வரலாறு, பெரும்பாலும் அதைப் பார்க்க வந்தவர்களின் வரலாறு. போட்டவள் வந்தவர்களைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதற்கு நம்மிடம் எங்கே பதிவேடு இருக்கிறது?

உப்பு

முதலில் எங்கள் ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். உப்பளத்தில் இன்று விளையாட்டரங்கம் இருக்கிறது, அம்பேத்கர் சாலை இருக்கிறது, பிரெஞ்சுக் காலத்துக் கல்லறை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. உப்பு மட்டும் பெயரில்தான் இருக்கிறது.

1815ஆம் ஆண்டு லண்டனில் இங்கிலாந்தும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியாவிலுள்ள பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்குப் போனது. உப்பு, அபினி தொடர்பான ஏற்பாடுகளுக்கு ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் என்று பேசி முடித்தார்கள். 1818இல் இன்னோர் ஒப்பந்தம். உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிடுவது, அதனால் இழப்படையும் உப்பள உரிமையாளர்களுக்கு ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் கொடுப்பது என்று ஏற்பாடானது.

ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் இருக்கின்றன, உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பாத்தியில் இறங்கி உப்பை வாரியவர்கள் இல்லை. உப்பளத் தொழிலை அறிந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கூலிவேலையில் பெண்களின் கால்கள் எவ்வளவு நேரம் உப்புநீரில் ஊறும் என்று. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். உரிமையாளருக்கு வராகன் கிடைத்தபோது கூலிக்காரிக்கு என்ன கிடைத்தது என்பது பற்றி அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. வெயிலில் வெள்ளையாக மின்னிய பாத்திகள் கரைந்துபோயின. பெயர் மட்டும் மிஞ்சியது. அதே ஊரில் இன்னொரு வெள்ளைப் பொடி தினமும் காலையில் தரையில் விழுந்து மாலைக்குள் மறைந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது கவிதைக்காரியின் பழக்கமாக இருக்கலாம். இரண்டிலும் உழைப்புக்குக் கணக்கு எழுதப்படவில்லை என்பது கவிதை அல்ல.

மணல்வீடு

தெருவில் பெண் செய்த ஒன்றைப் பார்க்க வந்த ஆளைப் பற்றித் தமிழில் பழைய பதிவு எது என்று தேடினால், எனக்குக் கலித்தொகையின் 51ஆம் பாடல்தான் முதலில் நினைவுக்கு வரும். கபிலரின் குறிஞ்சிக்கலி. இளங்கலை வகுப்பில் இருபது வருடமாக நடத்துகிறேன். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெருவில் சிறுமிகள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். ஒருவன் வருகிறான், காலால் கலைக்கிறான், தலையில் சூடியிருந்த மாலையைப் பறிக்கிறான், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். பிறகொரு நாள் அம்மாவும் மகளும் வீட்டில் இருக்கும்போது வாசலில் நின்று தண்ணீர் கேட்கிறான். அம்மா கொடுத்துவிட்டு வா என்று அனுப்புகிறாள். வந்தவன் வளையணிந்த கையைப் பற்றி இழுக்கிறான். அவள் அம்மாவைக் கூப்பிட்டு அலறுகிறாள். அம்மா ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்று மாற்றிச் சொல்கிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் கொல்வதுபோல் பார்த்துச் சிரிக்கிறான். இதையெல்லாம் அவள் தன் தோழியிடம் சொல்கிறாள்.

வகுப்பு முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்தபடிதான் நடத்தியிருக்கிறேன். சங்க இலக்கியத்தின் நாடகத் தன்மை, குறும்பு, நகைச்சுவை என்று பரீட்சைக்கு மூன்று குறிப்பு கொடுப்பேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, “அந்த வீடு என்னாச்சு மேம்?” என்று கேட்டாள். எந்த வீடு என்றேன். “அவன் ஒதச்ச வீடு. அத அப்புறம் யாருமே பேசலயே” என்றாள். அன்று அவளுக்கு என்னிடம் பதில் இல்லை.

உண்மைதான். காதலுக்கான முன்கதையாக மணல்வீடு உடைகிறது. உடைந்ததும் கதைக்கு அதன் தேவை முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பாடலில் வேறொன்றும் இருக்கிறது. பேசுகிறவள் அவள். தெருவில் தான் கட்டியதைப் பார்க்க வந்தவன் எப்படி நடந்துகொண்டான் என்பதைக் கட்டியவளின் குரலிலேயே கேட்கிறோம். எழுதியவர் ஆண் என்றாலும், அக்கா கேட்ட அந்த இன்னொரு நோட்டின் முதல் பக்கம் என்று இதைச் சொல்லலாம்.

அடுத்த பக்கத்தை எழுதியவள் ஒரு பெண். மார்கழியும் கோலமும் என்றதும் நமக்குத் திருப்பாவை நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆண்டாள் தரையைப் பற்றி விரிவாகப் பேசுவது நாச்சியார் திருமொழியில். முதல் திருமொழியில் காமனை வேண்டித் தரையைத் தூய்மைசெய்து, மண்டலமிட்டு, நுண்மணலால் தெருவை அழகுபடுத்துகிறாள். இரண்டாம் திருமொழி முழுவதும் சிற்றில். கண்ணன் வந்து மணல்வீட்டை அழிக்கிறான். சிறுமிகள் வேண்டாம் என்கிறார்கள். அங்கே ஆண்டாள் சேர்க்கும் ஒரு விவரம் முக்கியமானது. குனிந்து வேலை செய்ததில் முதுகு வலிக்கிறது என்று சொல்கிறாள். பக்தி உரைகள் வேகமாகக் கடந்துபோகும் இடம் அது. தெருக்கலையின் உடல்வலியைத் தமிழில் எழுதிய முதல் பெண் குரல்களில் ஒன்றாக நான் அதைப் படிக்கிறேன்.

பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் இலக்கணம் இந்தக் குரலை எங்கே கொண்டுபோய் வைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். பாட்டியல் நூல்கள் சில பெண் குழந்தைக்குச் சிற்றில் இழைத்தலைச் சொன்னாலும், வழக்கத்தில் நிலைத்த பெண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதிப் பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் என்ற பருவம் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் போய்விட்டது. கட்டுவதற்காக அல்ல, சிதைப்பதற்காக. ஆண் குழந்தையின் வளர்ச்சியில் ஒரு படியாக, பெண் குழந்தைகள் கட்டியதை உடைப்பது இலக்கணமாகவே ஆகியிருக்கிறது. முதுகலை வகுப்பில் பத்துப் பருவங்களையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்லும்போது இதை நாம் சொல்லித்தருவதில்லை.

நோட்டோடு வந்தவர்கள்

இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் காலால் கலைக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்கள். 1929இல் ‘மேன்’ என்ற லண்டன் மானுடவியல் இதழில் எச். ஞான துரை சென்னை மாகாணக் கோலங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். 1937இல் ஜான் லேயார்ட் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் ‘ஃபோக்லோர்’ இதழில் தென்னிந்திய வாசல் கோலங்களையும் பச்சைகுத்தும் வடிவங்களையும் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

லேயார்ட் அதற்கு முன்பு பசிபிக் கடலில் மலேக்குலா தீவில் வாழ்ந்தவர். அங்கேயும் மணலில் விரலால் வரையும் கலை உண்டு. செத்தவனின் ஆவி மறு உலகத்துக்குப் போகும் வழியில் ஒரு காவல் பெண் உட்கார்ந்திருப்பாள். மணலில் ஒரு வடிவத்தை வரைந்து பாதியை அழித்துவிடுவாள். மீதியை வரையத் தெரிந்தால்தான் ஆவி உள்ளே போகலாம் என்று அந்த மக்கள் நம்பினார்கள். அந்தக் கண்ணோடு லேயார்ட் நம் கோலத்தைப் பார்த்தபோது அது அவருக்கு ஆவிகளைக் குழப்பும் புதிர்வழியாகத் தெரிந்தது. அவருடைய முடிவுகளை ஏற்பது வேறு விஷயம். ஆனால் அந்த மலேக்குலாக் கதை எனக்குப் பிடிக்கும். அங்கே பார்க்க வருகிறவனுக்குத்தான் பரீட்சை.

1974இல் வந்த வருகை இன்னும் மதிப்புள்ளது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக்காட்டி ஓர் ஆய்வேட்டை வெளியிட்டார்கள். மொழிக்கு எப்படிச் சில விதிகளைக்கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை உண்டாக்கலாமோ, அப்படிச் சில விதிகளைக்கொண்டு கோலத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம் என்று காட்டினார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதைச் சொல்லிக் கொள்வதில் எனக்கு மகிழ்ச்சி. அதற்குப் பிறகு உலகின் பல பல்கலைக்கழகங்களில் கோலம் கணிதப் பாடமானது.

இதன் பெருமையை வாசலில் நின்று பார்த்தால்தான் புரியும். அக்கா மார்கழியில் அடிக்கடி போடுவது 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8இல் நிறுத்துவது. நடு வரிசையில் 15. மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8. கூட்டினால் 169 புள்ளி. நான் காகிதத்தில் கூட்டித்தான் கண்டுபிடித்தேன். அவர் எண்ணுவதே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பொடி ஒழுகும் அளவிலேயே இடைவெளி அவருக்குக் கைவந்துவிடுகிறது. சிக்குக் கோலம் என்றால் கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும். ஒரு திருப்பம் தவறினால் கோடு வேறெங்கோ போய் முட்டும். அப்படி முட்டி நான் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றதால்தான் படிப்பை நிறுத்தினார்கள் என்று அவர் சொல்லும்போது, எந்தக் கணக்கில் என்று கேட்கத் தோன்றும்.

ஆய்வில் வரும் கோலங்களுக்கும் பெயர் உண்டு. கிருஷ்ணனின் கொலுசு என்று ஒன்று பிரபலம். தேற்றத்துக்குக் கண்டுபிடித்தவரின் பெயர் வைக்கிறார்கள். கோலத்துக்குக் கடவுளின் பெயர் வைக்கிறோம். முதலில் அதைப் போட்ட கைக்கு எங்கேயும் பெயர் இல்லை. வாரப் பத்திரிகைகளும் பெண்கள் இதழ்களும் வாசகி பெயரையும் ஊரையும் போட்டுக் கோலம் வெளியிட்ட காலத்தில்தான் அந்த வழக்கம் கொஞ்சம் உடைந்தது. என் அம்மா அப்படி வந்த பக்கங்களைக் கிழித்து ஒரு நோட்டில் ஒட்டிவைத்திருந்தார். வடிவத்தின் கீழ் அச்சான பெயர்களையும் சேர்த்தேதான் ஒட்டுவார்.

சாதியைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. கோலத்தைப் பற்றிய எழுத்தில் அடிக்கடி வரும் பெண், அதிகாலையில் குளித்து, ஈரத் தலையோடு, தன் சொந்த வீட்டு வாசலில் அரிசிமாவில் கோலமிட்டு எறும்புக்கு உணவிடுகிறவள். அந்தப் பெண்ணும் இருக்கிறாள். ஆனால் ஊரில் எத்தனையோ வாசல்களில் கோலம் போடுகிற கை அந்த வீட்டுக் கை அல்ல. வீட்டுவேலைக்கு வருகிறவள் வாசலில் மகாலட்சுமியை அழைத்துவிட்டு, பின்வாசல் வழியாக உள்ளே போக வேண்டிய வீடுகள் எனக்குத் தெரியும். அவளுக்குக் கொடுக்கப்படுவது அரிசிமாவும் அல்ல, கடையில் கிலோ கணக்கில் வாங்கும் கல்மாவு. எறும்புக்கு அதில் ஒன்றும் இல்லை.

சுவரைத் தேடி வந்தவர்கள்

வந்தவர்களால் ஒரு தெருக்கலை என்னவாகும் என்பதற்கு நாட்டின் வடக்கே முழுமையான ஓர் உதாரணம் இருக்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. சேதத்தைப் பார்க்கப் போன ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஆர்ச்சர், இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் பெண்கள் தீட்டியிருந்த ஓவியங்களைக் கண்டார். மிதிலை ஓவியம் வெளியுலகுக்குத் தெரிந்தது அப்படித்தான், வீடு இடிந்ததால். 1949இல் ‘மார்க்’ இதழில் அவர் அதைப் பற்றி எழுதினார்.

1960களின் பஞ்ச காலத்தில் அகில இந்தியக் கைவினை வாரியத்தின் சார்பில் புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் எழுதிய பெண்களுக்குக் காகிதம் கொடுக்கப்பட்டது. காகிதம் விற்றது, பட்டினி நேரத்தில் காசு வந்தது. ஜெகதம்பா தேவிக்கு 1975இலும் சீதா தேவிக்கு 1981இலும் கங்கா தேவிக்கு 1984இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. பெயரில்லாத கலைக்குப் பெயர்கள் வந்தன. இது சிறிய விஷயம் இல்லை. கங்கா தேவி தன் வெளிநாட்டுப் பயணத்தையும் புற்றுநோய்ச் சிகிச்சையையும்கூட அதே கோட்டில் வரைந்தார்.

ஆனால் எல்லா வருகையும் ஒன்றுபோல் இல்லை. 1970களில் வந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஈவ் வெக்கோ, இந்தப் பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதி மேற்கில் பரவச்செய்தார். ஓவியங்களுக்கு அவர் கொடுத்த தாந்திரிக விளக்கங்களைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் கடுமையாக மறுத்தார்கள். அதே காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த எரிகா மோசர், துசாத் என்னும் தலித் சமூகப் பெண்களைச் சந்தித்து, அவர்கள் உடலில் குத்திக்கொள்ளும் பச்சை வடிவங்களைக் காகிதத்தில் எழுத ஊக்குவித்தார். சானோ தேவி போன்றவர்களின் கைகளில் அது ‘கோத்னா’ என்ற தனிப் பாணியானது. இருவரும் வெளியூர்க்காரர்கள்தான். ஒருவர் அந்தப் பெண்களுக்குத் தன் அர்த்தத்தைக் கொடுத்தார். மற்றவர் அவர்களுடைய தோலில் ஏற்கெனவே இருந்ததைக் கேட்டார்.

கங்கா தேவி டெல்லி கைவினை அருங்காட்சியகத்தின் சுவர்களில் தீட்டிய கோபர் அறை, 2015இல் புதுப்பிப்புப் பணியின்போது அழிந்துபோனது. செய்தியைப் படித்த அன்று எனக்கு என் மாணவியின் கேள்விதான் திரும்ப வந்தது. அந்த வீடு என்னாச்சு? தன் கையாலேயே அழிக்கத் தெரிந்தவள் கோலக்காரி. தினமும் காலையில் தானே பெருக்குகிறாள். மறுநாள் போட அவளுக்குத் தரை இருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்வது அது. பிறர் வந்து அழிப்பதும் அவளே அழிப்பதும் ஒன்றல்ல. எங்கள் விடுதிப் பதிவேட்டில் மனம் நொந்து எழுதியவருக்கு இதை யாரும் விளக்கவில்லை.

சீருடையில் வந்தவர்கள்

2019 டிசம்பர் 29, மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை. சென்னை பெசன்ட் நகரில் சில பெண்கள் தெருவில் கோலம் போட்டு, குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று அதில் எழுதினார்கள். காவல்துறை வந்தது. அனுமதி பெறவில்லை என்று சொல்லிப் பெண்கள் உள்ளிட்ட சிலரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பிறகு விடுவித்தது. மறுநாள் தமிழ்நாட்டின் பல வாசல்களில் அதே சொற்கள் கோலமாயின; எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின் வீட்டு வாசலிலும், கனிமொழி வீட்டு வாசலிலும்.

வாசலும் தெருவும் சேரும் அந்த மூன்றடி இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இத்தனை நூற்றாண்டுகளாக யாரும் கேட்கவில்லை. பெண் தினமும் குனிந்து பெருக்கும்போது அது வீட்டின் பகுதி; அவள் கடமை. அதே இடத்தில் அவள் ஒரு கருத்தை எழுதியதும் அது பொது இடம், அனுமதி வேண்டும். தாமரையும் மயிலும் போடும்வரை கோலத்துக்குச் சட்டம் இல்லை. நான்கு எழுத்து சேர்ந்ததும் சட்டம் வந்துவிட்டது. கோலத்தைப் பார்க்க வந்தவர்களில் அதை மொழியாக எடுத்துக்கொண்டு முழுமையாகப் படித்தவர்கள் காவல்துறையினர்தான் என்று அப்போது கசப்பாக நினைத்தேன்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமில்லை. “நம்ம தெருவுல எலெக்‌ஷன் டைம்ல கட்சிச் சின்னத்த கோலமா போடச் சொல்லுவாங்களே. அதுக்கு மட்டும் பர்மிஷன் இருக்குதா?” என்றார்.

நானும் வந்தேன்

இனி என் வருகை. இந்த விடுதி வகுப்புகளுக்கெல்லாம் முன்பு, முதுகலை மாணவிகள் பதினான்கு பேரை நாட்டுப்புறவியல் தாளுக்காக அக்கா வாசலுக்குக் கூட்டிப்போனேன். அவர் மூன்று கோலம் போட்டுக் காட்டினார். மாணவிகள் படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், குறிப்பெடுத்தார்கள். காபி கொடுத்தார். சில மாதங்களுக்குப் பிறகு ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் என் கட்டுரை வந்தது. நடுப்பக்கத்தில் அவர் கோலம். அதன்கீழ், ‘உப்பளத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் வரைந்தது’. கட்டுரையின் தலைப்பில் என் பெயர், பட்டம், பதவி.

ஒரு பிரதியைப் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். “பெண் ஒருவர்னா நானா டீச்சர்?” என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தொகுப்பு இன்னும் அவர் வீட்டு அலமாரியில், ரேஷன் அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடுதிப் பதிவேட்டில் துணியில் எழுதித் தரச் சொன்னவரைப் பற்றி நான் எள்ளலாகப் பேசத் தொடங்கியபோது அந்த அலமாரிதான் என்னை நிறுத்தியது. அவராவது விலை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். நான் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்து பதவி உயர்வுக்கான புள்ளிகளில் கணக்குக் காட்டினேன். கோலத்தில் புள்ளி வைத்தவர் வேறு, எனக்குக் கிடைத்த புள்ளி வேறு.

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் முதலில் அவரிடம் போனேன். இந்த முறை பெயரைப் போடுகிறேன், முழுப்பெயர், தெரு, எல்லாம் என்றேன். யோசித்தார். பிறகு வேண்டாம் என்றார். விடுதிக்காரர்கள் பார்த்தால், புத்தகத்தில் எல்லாம் வந்துவிட்டாள், இனி கூடக் கேட்பாள் என்று நினைப்பார்கள். கேட்கத்தான் போகிறார், ஆனால் தான் கேட்கும் நேரத்தில் கேட்க வேண்டும், புத்தகம் முந்திக்கொள்ளக் கூடாது. கோலத்துக்குத் தனிச் சம்பளம், வகுப்புக்குப் பாதிக்குப் பாதி என்பது அவர் கணக்கு. மற்ற இரண்டு வாசல்களில் வேலைசெய்யும் பெண்களோடும் பேசிக்கொண்டிருக்கிறார். அதனால் இங்கேயும் அவர் பெயர் இல்லை. அன்று இல்லாததும் இன்று இல்லாததும் ஒன்றல்ல என்பதை வாசிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தோம். நான் ஒரு புது நோட்டு வாங்கிப்போனேன். தன் வாசலுக்கு வந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, பாவாடையெல்லாம் மாவாக, ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் கோணல்மாணலாகப் போட்டுவிட்டு, போகும்போது தன் கோலத்தைத் தானே பெருக்கிவிட்டுப் போனார், அவர் நல்லவர். ஒருவர் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து 169 புள்ளியில் பத்துப் பதினைந்தை மிதித்தார். மன்னிப்புக் கேட்டார், ஆனால் படத்தைப் பார்த்தபடியே கேட்டார். ஒரு சென்னைப் பெண், உங்கள் கணவர் உங்களுக்கு உதவுவாரா என்று மூன்று தடவை கேட்டார். செத்துப்போய் ஒன்பது வருடம் ஆகிறது என்று மூன்றாம் தடவைதான் சொன்னார் அக்கா. ஒரு சின்னப் பெண் குனிந்து எறும்பைப் பார்த்து, இந்த மாவை எறும்பு ஏன் தூக்கவில்லை என்று கேட்டாள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் தன் வாசலுக்கு மட்டும் ஒரு பிடி அரிசிமாவு கலந்தார்.

“அப்புறம் காலேஜ்லேர்ந்து பதினாலு பொண்ணுங்க வந்தாங்க” என்றார். பேனாவை நிறுத்தினேன். “பாதிப் பேரு செருப்பக் கழட்டல. நீங்களும் பாத்துக்கினுதான் இருந்தீங்க, ஒண்ணும் சொல்லல. காபி கிளாஸு ஆறுதான் இருந்துச்சு, பக்கத்து வீட்ல வாங்கினு வந்தேன். எழுதிக்கிட்டீங்களா டீச்சர்?”

எழுதிக்கொண்டேன்.